முந்திப் பூத்த புங்கை

1

இன்று வார்டுக்கு வர முடியாது என்று போன் பண்ணிச் சொல்லிவிட்டேன். உடம்புக்கு ஒன்றுமில்லை. ஓரிடத்தில் உட்கார முடியவில்லை, எழுந்து நின்றால் கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது. அதனால் சமையல்கட்டு மேசையில் என் பையனின் கணக்கு நோட்டைப் பின்பக்கமாகத் திருப்பிப்போட்டு இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். ஜன்னலுக்கு வெளியே இருட்டு விலகி, தோட்டம் கொஞ்சம் கொஞ்சமாகத் தெரிய ஆரம்பித்திருக்கிறது.

இங்கிலாந்துக்கு நர்ஸ் வேலைக்கு வந்து இந்த மார்ச்சோடு ஆறு வருஷம் முடிகிறது. வந்த நாளை ஒட்டி வருஷத்துக்கு ஒரு தடவை நம் பக்கத்துப் பத்திரிகைக்கு எதையாவது எழுதி அனுப்புவேன். போன வருஷம் பனியைப் பற்றி எழுதினேன். அதற்கு முந்தின வருஷம், இங்கத்து பஸ்ஸில் யாரும் யாரோடும் பேசாததைப் பற்றி. "எங்க ஊரு வேன்ல ஒரு நாள் ஏறிப் பாருங்க, காதே போயிரும்" என்று சாத்தூரில் இருந்து ஒருத்தர் பதில் போட்டிருந்தார். இந்த வருஷம் வசந்த காலத்துத் தோட்டத்தைப் பற்றி எழுதுவதாக ஆசிரியரிடம் ஒப்புக்கொண்டிருந்தேன். தோட்டத்தைப் பற்றித்தான் எழுதப் போகிறேன், ஆனால் ஆசிரியர் நினைத்த மாதிரி இருக்காது. ஆட்களின் பெயர்களை மாற்றியிருக்கிறேன். ஊரில் உள்ளவர்களுக்கு யாரென்று தெரிந்துவிடும். தெரியட்டும்.

2

எங்கள் பின்பக்கத் தோட்டத்தில் நாலு கட்டில் போட்டால் இடம் நிறைந்துவிடும். அதற்குள் வேலியோரமாக ஒரு மஞ்சள் புதர், மூலையில் ஒரு மக்னோலியா, பக்கத்து வீட்டு எல்லையில் ஒரு செர்ரி மரம். மஞ்சள் புதருக்கு ஃபார்சித்தியா என்று பெயர். அந்தப் பெயரைச் சொல்ல முதல் வருஷம் முழுக்கப் போராடினேன். வார்டில் இருந்த ஒரு அம்மாள் சொல்லிக்கொடுத்துச் சொல்லிக்கொடுத்து அலுத்துப்போய், "மஞ்சள் புதர் என்றே சொல், எனக்குப் புரிகிறது" என்று விட்டுவிட்டார். இன்னொரு செடி உண்டு, சிவப்பாகக் கொத்துக் கொத்தாய்த் தொங்கும். பார்க்க அழகு. கிட்டே போனால் பூனை மூத்திர வாடை. அதைக் காசு கொடுத்து வாங்கி நட்டு வைத்திருக்கிறார்கள் என்றால் உங்களில் யார் நம்புவீர்கள்?

இங்கே பூ முதலில் வரும், இலை பிறகுதான். மொட்டைக் குச்சியில் திடீரென்று ஒரு நாள் காலை மஞ்சளாகப் பூத்து நிற்கும். இந்த ஜனங்களுக்கு அதைப் பார்த்ததும் முகமே மாறிவிடுகிறது. ஐந்து மாசம் வாயைத் திறக்காத அடுத்த வீட்டுக்காரர்கூட வேலிக்கு மேல் தலையை நீட்டி நாலு வார்த்தை பேசுவார். எனக்கு மட்டும் முதல் பூவைக் கண்டதும் பயம்தான் வரும். ஆறு வருஷமாக அது போகவில்லை.

காரணம் இருக்கிறது. நம் பக்கத்தில் பங்குனி பூ பூக்கிற மாசம் மட்டுமில்லை, வெடிமருந்து காய்கிற மாசம். வெடிக்கு வெயில் வேண்டும். அதே வெயில்தான் மருந்தை உசுப்பியும் விடும். வேம்பும் புங்கையும் பூத்துவிட்டால் எங்கள் வீட்டில் யாரும் சத்தம் போட்டுச் சிரித்து நான் பார்த்ததில்லை.

எனக்கு அப்போது ஒன்பது வயசு. அம்மா வேலை பார்த்த வெடிக் கம்பெனியில் வரிசையாக வேப்பமரங்கள். ஒரு அறைக்கு நாலு பேர்தான் உட்கார வேண்டும், அறைக்கும் அறைக்கும் நடுவே இவ்வளவு தூரம் விட வேண்டும் என்றெல்லாம் சட்டம் இருக்கிறது. பங்குனி வெயிலில் அந்த அறைக்குள் உட்கார்ந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். பெண்கள் மருந்துத் தட்டைத் தூக்கிக்கொண்டு மரத்தடிக்கு வந்துவிடுவார்கள். எல்லாரும் கூடி உட்கார்ந்தால் ஒரே பொறி எல்லாரையும் கொண்டுபோய்விடும் என்று அவர்களுக்குத் தெரியாமல் இல்லை. நிழல் வேண்டுமே.

ஒரு நாள் மத்தியானம் சத்தம் கேட்டது. ஊரே கம்பெனிப் பக்கம் ஓடியது. பொழுது சாயும்போது அம்மா தனியாக நடந்து வந்து வாசலில் நின்றாள். தலை, தோள், சேலை மடிப்பு எல்லாம் வேப்பம்பூ. அம்மா இருந்த பக்கத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்தக் கோடியில் வெடித்த அதிர்ச்சியில் இந்தக் கோடி மரங்களின் பூ முழுக்க ஒரே நேரத்தில் உதிர்ந்திருக்கிறது. எனக்கு அது தெரியாது. "யார் வீட்டுக் கல்யாணத்துக்குப் போயிட்டு வாரம்மா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டேன். அம்மா இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை. மூன்றாம் நாள் வேலைக்குப் போனாள்.

3

அம்மா போய்ப் பத்து வருஷம் ஆகிறது. ஊரில் எனக்கு இருப்பது மாரிச்சாமி அண்ணன், காளீஸ்வரி மதினி, அவர்கள் மகள் சுகன்யா. அண்ணன் ஒரு வெடிக் கம்பெனியில் போர்மேன். சுகன்யா இந்த வருஷம் பிளஸ் டூ. என்னைப்போல் நர்ஸாக வேண்டும் என்று ஆறாம் வகுப்பில் இருந்து சொல்லிக்கொண்டிருப்பவள்.

இங்கே வந்த இரண்டாம் வருஷம் ஏழாயிரம்பண்ணைக்குப் பக்கத்தில் எங்கள் ஊரிலேயே ஒரு மனை வாங்கினேன். வாங்கியதே அதில் நின்ற புங்க மரத்துக்காகத்தான். வீடு கட்டும்போது மரம் இடைஞ்சலாக இருக்கிறது, வெட்டிவிடலாம் என்று கொத்தனார் சொன்னார். அண்ணனும் ஆமோதித்தான். மரத்தில் கை வைத்தால் வீடே வேண்டாம் என்று இங்கிருந்து போனில் சண்டை போட்டேன். கடைசியில் வீட்டை முன்னால் தள்ளிக் கட்டி, மரத்தைப் பின்கட்டில் நிற்க விட்டார்கள். அதைச் சுற்றி நந்தியாவட்டை, அடுக்கு அரளி, மருதாணி, ஒரு கொன்றைக் கன்று என்று நட்டுவைத்தேன். ஆடு புகுந்து மேய்ந்துவிடுகிறது என்று மதினி சொன்னதும், எட்டடிக்கு மதில் எழுப்பச் சொன்னேன். அதுவும் என் யோசனைதான். பட்டா என் பேரில் இருக்கிறது, அண்ணன் குடும்பம் அங்கே குடியிருக்கிறது. எனக்கென்று ஓர் அறையைப் பூட்டி வைத்திருப்பார்கள். மூன்று வருஷத்துக்கு ஒரு தடவை போய்த் தங்குவேன்.

போன தடவை போனபோது சுகன்யாவுக்கு ஒரு சின்ன டிஜிட்டல் கேமரா கொடுத்துவிட்டு வந்தேன். அதில் இருந்து எங்களுக்குள் ஒரு வழக்கம். பங்குனி வந்தால் நான் இங்கத்துப் பூவைப் படம் எடுத்து அனுப்புவேன், அவள் அங்கத்துப் பூவை எடுத்து, ஞாயிற்றுக்கிழமை சாத்தூர் பிரௌசிங் சென்டருக்குப் போய் அனுப்புவாள். "அத்தை, உங்க மக்னோலியா எங்க எருக்கம்பூவுக்குப் பெரியம்மா மக மாதிரி இருக்கு" என்று போன வருஷம் எழுதியிருந்தாள். என் பையன் கௌதமுக்கு அதைப் படித்துக்காட்டினேன். பெரியம்மா மகள் என்றால் யார் என்று கேட்டான். கஸின் என்றேன். கஸினும் கஸினும் ஒரே மாதிரியா இருப்பார்கள் என்று கேட்டுவிட்டுப் போய்விட்டான். அவனுக்கு இப்போது பத்து வயசு. தமிழ் புரியும், பதில் இங்கிலீஷில்தான் வரும்.

4

இந்த வருஷம் படம் மார்ச் முதல் வாரத்திலேயே வந்துவிட்டது. மூன்று படங்கள். "புங்கை முந்திப் பூத்திருச்சு அத்தை" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை. வழக்கமாக ஒரு பக்கத்துக்குக் கதை அடிக்கிற பிள்ளை. பரீட்சை நேரம், அதனால்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

கம்ப்யூட்டரில் படத்தைத் திறந்து வைத்திருந்தேன். பின்னால் வந்து நின்ற கௌதம், "அங்கே ஸ்னோ பெய்யுமா?" என்று கேட்டான்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. விருதுநகர் மாவட்டத்தில் பனி பெய்தால் அன்றைக்கு எல்லாக் கம்பெனிக்கும் லீவு விட்டுவிடுவார்கள் என்றேன். அவன் விடவில்லை. திரையில் விரலை வைத்து, "அப்போ இது என்ன?" என்றான்.

மரத்தின் மேல்பாதி எப்போதும் போல் இருந்தது. எண்ணெய் தடவின மாதிரி மினுமினுக்கிற இளம்பச்சைத் துளிர், நடுவே வெள்ளையும் இளஞ்சிவப்புமாய்க் கொத்துக் கொத்தாய்ப் பூ. கீழ்க் கிளைகளில் மட்டும் இலை வேறு நிறம், ஒரு மாதிரி சாம்பல் பூத்து. என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் விருதுநகர் டவுன்காரர், பருப்புக் கடை வீட்டுப் பிள்ளை. "ஆலங்குளம் சிமெண்ட் தூசியா இருக்கும்" என்றார். அங்கிருந்து எங்கள் ஊருக்குத் தூசி பறந்து வர வேண்டுமென்றால் புயல்தான் அடிக்க வேண்டும். அப்படியே வந்தாலும் கீழ்க் கிளையில் மட்டும் வந்து உட்காருமா?

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். தரையில் ஒரு பூ கூட இல்லை. புங்கை பூத்தால் தரை தெரியாது, பொரியைக் கொட்டி வைத்த மாதிரி இருக்கும். காலையில் கூட்டினால் பத்து மணிக்குத் திரும்பவும் கொட்டிக்கிடக்கும் என்று மதினி வருஷா வருஷம் சலித்துக்கொள்வாள். இந்தப் படத்தில் மரத்தடி மட்டும் துடைத்து விட்ட மாதிரி இருந்தது. ஒரு பூவும் கிடந்துவிடக் கூடாது என்று யாரோ நாள் முழுக்கக் கூட்டிக்கொண்டே இருக்கிறார்கள். நிழல் முடிகிற இடத்தில், மதிலோரமாக, வரிசையாகச் செருப்புகள். எண்ணினேன். பதினோரு ஜோடி. மருந்து வைத்து வேலை செய்கிற இடத்துக்குள் செருப்போடு போகக் கூடாது என்பது நம் பக்கத்தில் நடக்கத் தெரிந்த பிள்ளைக்குத் தெரியும்.

மூன்றாவது படத்தில் சுகன்யாவின் கை மட்டும்தான். ஒரு கொத்துப் புங்கம்பூவைக் கேமராவுக்கு முன்னால் நீட்டிப் பிடித்திருந்தாள். பூவை விட்டுவிட்டு நகத்தைப் பார்த்தேன். நகக்கண்ணில், விரல் ரேகையில், மணிக்கட்டுச் சுருக்கத்தில் எல்லாம் வெள்ளி. எங்கள் அம்மாவுக்கும் அப்படித்தான் இருக்கும். வெடிமருந்தில் சேர்க்கிற அலுமினியப் பவுடர் சோப்புக்குப் போகாது. தேங்காய் எண்ணெய் போட்டுத் தேய்த்தாலும் பாதிதான் போகும். அந்தக் கையால்தான் எனக்குச் சோறு ஊட்டியிருக்கிறாள்.

"என்னாச்சு?" என்றார் வீட்டுக்காரர். நான் படத்தை இன்னும் பெரிதாக்கினேன்.

5

மறுநாள் போன் கார்டு வாங்கி அண்ணனைக் கூப்பிட்டேன்.

"அண்ணே, புங்கைக்குக் கீழ என்ன நடக்குது?"

"என்னத்தா நடக்குது? பூத்துக் கெடக்கு. பாப்பா போட்டோ அனுப்பலையா?"

"அனுப்பிட்டா. எலையில என்ன அது வெள்ளியா?"

"தூசியா இருக்கும்."

"அண்ணே, நானும் அம்மா கையப் பாத்து வளந்தவதான்."

அதற்குப் பிறகு சொன்னான். கம்பெனியைப் பூட்டி மூன்று மாசம் ஆகிவிட்டதாம். லைசென்ஸில் ஏதோ தகராறு. "நம்ம தெருப் பொம்பளைக பதினோரு பேரு. தெனமும் காலையில வந்து வாசல்ல நிக்குறாக. போர்மேன் அண்ணே, எதாச்சும் வழி பண்ணுங்கன்னு. நான் எங்கன போவேன்? ஒரு ஏஜெண்டு பேன்சி வெடி ரகத்துல ஆர்டர் குடுத்தான். மருந்து அடைச்சு, காய வச்சு, லோடு ஏத்தி விட்டாப் போதும். உன் வீட்டு மதிலு நல்ல ஒசரம். வெளிய எவனுக்கும் தெரியாது."

அண்ணன் பேராசைக்காரன் இல்லை. அவன் அப்படிப்பட்டவனாக இருந்தால் எனக்குத் திட்டுவதற்கு எவ்வளவோ சுலபமாக இருந்திருக்கும்.

மதினி போனை வாங்கினாள். "நீங்க அங்கன குளுகுளுன்னு இருக்கீக. இங்கன அடிக்குற வெயிலுக்கு அந்த மரத்தடி மட்டும் இல்லேன்னா செத்துருவோம். நீங்க அன்னைக்குச் சண்டை போட்டு வெட்ட விடாம வச்சீகளே, அந்தப் புண்ணியந்தான். பொம்பளைக அம்புட்டுப் பேரும் ஒங்கள வாய் நெறைய வாழ்த்துறாக. சாப்பிட்டீகளா?"

"மதினி, சுகன்யா நகத்துல பவுடர் இருக்கு."

"சாயந்தரம் ஒரு மணி நேரம் சும்மா கையொத்தாசை. பரீட்சை முடியுற வரைக்கும் அம்புட்டுதான். முடிஞ்சாப் பெறகு முழு நேரமும் உக்காரட்டும், ஒரு கை கூடும்ல."

நேரே போய் நிற்கலாம் என்றால் என் பாஸ்போர்ட் என்னிடம் இல்லை. இங்கேயே நிரந்தரமாகத் தங்க விண்ணப்பம் போட்டு, டிசம்பரில் அனுப்பிய பாஸ்போர்ட் இன்னும் அலுவலகத்தில் கிடக்கிறது. அவர்கள் கொடுத்த நம்பரைக் கூப்பிட்டேன். முக்கால் மணி நேரம் பாட்டுப் போட்டார்கள். அப்புறம் ஒரு பெண் வந்தாள், நல்ல மரியாதையாகத்தான் பேசினாள். குடும்பத்தில் மரணம் என்றால் சான்றிதழ் அனுப்பினால் சீக்கிரம் திருப்பித் தருவோம் என்றாள். இன்னும் யாரும் சாகவில்லை என்றேன். அப்படியானால் தயவுசெய்து காத்திருங்கள் என்றாள்.

அன்றைக்கே அதிகாரிகளிடம் புகார் சொல்லியிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். சொல்லியிருக்கலாம். அண்ணனைப் பிடித்துக்கொண்டு போவார்கள், பரீட்சை எழுதுகிற பிள்ளையின் வீட்டு வாசலில் போலீஸ் நிற்கும், பதினோரு வீட்டில் உலை வைக்க வழியிருக்காது என்றெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எல்லாம் உண்மைதான். வீடு என் பேரில் இருக்கிறது, வழக்கு என் மேலும் வரும், என் விண்ணப்பத்தைத் தூக்கிக் குப்பையில் போட்டுவிடுவார்கள் என்பதும் உண்மை. அதை மட்டும் வாய்விட்டுச் சொல்லவில்லை. என் வீட்டுக்காரரிடம்கூடச் சொல்லவில்லை.

6

அந்த வாரம்தான் செர்ரி மரத்துக்கு ஆள் வந்தார்கள். அதன் ஒரு கிளை எங்கள் படுக்கையறை ஜன்னலில் உரசுகிறது. வெட்ட வேண்டுமென்றால் உள்ளூர் சபைக்கு எழுதிப்போட்டு ஆறு வாரம் காத்திருக்க வேண்டும். எங்கள் தெரு மரங்களெல்லாம் பாதுகாக்கப்பட்டவை. ஒரு பெண் அதிகாரி டேப்போடு வந்தார். கிளையின் சுற்றளவை அளந்தார், படம் எடுத்தார், கூடு ஏதாவது இருக்கிறதா என்று ஏணி வைத்து ஏறிப் பார்த்தார். மொட்டு விட்டிருக்கிறது, பூத்து முடியட்டும், அதுவரை பொறுத்துக்கொள்ள முடியுமா என்று கேட்டார். ஒரு கிளைக்கு இவ்வளவு கவலைப்படுகிறார்களே என்று நினைத்ததும் முகத்தைத் திருப்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். அந்த அம்மாள் நான் மரத்துக்காகக் கலங்குகிறேன் என்று நினைத்து என் கையைத் தட்டிக்கொடுத்துவிட்டுப் போனார்.

அவர் போன பிறகுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. ஊரில் இருப்பது என் மரம். அதை வெட்ட யாருக்கும் நான் எழுதிப்போட வேண்டியதில்லை. நிழல் இல்லாவிட்டால் பங்குனி வெயிலில் யார் அங்கே உட்காருவார்கள்? வேலை தானாக நின்றுவிடும். போலீஸும் வேண்டாம், வழக்கும் வேண்டாம். என் புத்தியை நானே மெச்சிக்கொண்டு போனை எடுத்தேன்.

"பூத்து நிக்குற மரத்தயா?" என்றான் அண்ணன். "ஒனக்கு என்னத்தா ஆச்சு? புள்ளத்தாச்சி மாதிரி நிக்குது. எவன் கோடாலி வைப்பான்?"

"மூணு நாளைக்குள்ள வெட்டலேன்னா வீட்ட வித்துருவேன்."

அப்படி ஒரு வார்த்தையை அண்ணனிடம் நான் அதற்கு முன்னால் சொன்னதில்லை. அவன் போனை வைத்துவிட்டான்.

மூன்றாம் நாள் அவனே கூப்பிட்டான். "வெட்டியாச்சு. ஊருல ஒருத்தனும் வர மாட்டேன்னுட்டான். சாத்தூர்ல இருந்து மிஷின் ரம்பம் வச்சிருக்கவனக் கூட்டியாந்தேன். தூரு மட்டுந்தான் கெடக்கு. போதுமா?"

போதும் என்றேன். அன்றைக்கு நன்றாகத் தூங்கினேன். காலையில் எழுந்து மக்னோலியா மொட்டின் மேல்தோல் பிரிந்திருப்பதைப் பார்த்தபோது இந்த வருஷத்தில் முதல் தடவையாகச் சந்தோஷமாகக்கூட இருந்தது. வீட்டுக்காரரிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் காபியை ஆற்றிக்கொண்டே, "ஆர்டர் எடுத்தவன் மரம் போச்சுன்னா விட்டுருவானா?" என்று கேட்டார். அபசகுனமாகப் பேசாதீர்கள் என்று கடிந்துகொண்டேன்.

7

நேற்று முன்தினம் மத்தியானம் வார்டில் இருந்து வெளியே வரும்போது போன் ஒரே ஒரு மணி அடித்து நின்றது. இந்தியா நம்பர். திருப்பிக் கூப்பிட்டால் ஒரு டெலிபோன் பூத்காரர் எடுத்து, "இந்தா பாப்பா, ஒனக்குத்தான்" என்றார்.

"அத்தை, மரத்த வெட்டச் சொன்னது நீங்களா?"

"ஆமாடா. ஒனக்காகத்தான்."

"நான் அதுக்கா போட்டோ அனுப்புனேன்?"

எனக்குப் புரியவில்லை. சுகன்யா அழவில்லை. அவளுக்குக் கோபம். "கேமராவ எடது கையில புடிச்சுக்கிட்டு, பூவ வலது கையில நீட்டி, நகம் தெரியணும்னு எத்தனை தடவை எடுத்தேன் தெரியுமா? நானா வாயால சொன்னா அப்பாவக் காட்டிக்குடுத்த மாதிரி ஆயிரும்ல. நீங்களாப் பாத்து, நீங்களா எதாச்சும் செய்வீகன்னு நெனச்சேன்."

"அதான் செஞ்சேன்ல. இப்ப நிழல் இல்ல, வேலை நின்னிருக்கும்ல?"

"வேலை எங்க நின்னுச்சு? உள்ள நடக்குது. நீங்க வந்தாத் தங்குற ரூம்ல."

அவள் சொல்லிக்கொண்டே போனாள். ஜன்னலில் எல்லாம் சாக்கைக் கட்டியிருக்கிறார்கள். காற்றில் பவுடர் பறக்கும் என்பதால் ஃபேன் போடுவதில்லை. பதினோரு பேரும் உட்கார்ந்து, ஒட்டி ஒட்டி, நடுவில் மருந்துத் தட்டுகள். அடைத்து முடித்த வெடியெல்லாம் கட்டிலுக்கு மேலேயும் கீழேயும் அடுக்கியிருக்கிறது. அடுத்த அறையில் மதினி அடுப்பு பற்றவைத்துச் சமைக்கிறாள்.

"மரத்தடியில இருந்தப்போ எதாச்சும் ஒண்ணுன்னா ஓடுறதுக்காச்சும் எடம் இருந்துச்சு, அத்தை. இப்ப ஒரே ஒரு வாசல்."

"நீ உள்ள போகாத. பரீட்சைன்னு சொல்லு."

"நாளன்னைக்குக் கடைசிப் பரீட்சை. பயாலஜி. அது முடிஞ்சு வந்து நானும் உக்காரணும்னு அம்மா சொல்லிட்டாக. வரமாட்டேன்னு சொன்னா, தெருப் பொம்பளைக எல்லாம் உக்காந்திருக்காக, போர்மேன் மகளுக்கு என்ன ஒசத்தின்னு கேப்பாகல்ல. வச்சிருதேன் அத்தை, ஆளு காத்துக்கிட்டு இருக்காக" என்றாள்.

நேற்று முழுக்க அண்ணனைக் கூப்பிட்டேன். மணி அடிக்கிறது, எடுக்கவில்லை. நான் இன்னும் எதை வெட்டச் சொல்லப்போகிறேனோ என்று நினைத்திருப்பான்.

இன்று இங்கே விடிவதற்கு முன்னால், அங்கே ஆபீஸ் திறக்கிற நேரத்தில், ஒரு அரசு அலுவலகத்தைக் கூப்பிட்டேன். எந்த அலுவலகம் என்று இங்கே எழுதவில்லை. எடுத்தவர் நம் பக்கத்துப் பேச்சுத்தான் பேசினார்.

"எந்த ஊரு? யாரு வீடு?"

சொன்னேன்.

"நீங்க யாரு, பக்கத்து வீடா?"

"வீட்டுக்காரி. பட்டா என் பேர்லதான் இருக்கு."

"ஏம்மா, ஒங்க வீட்டு மேல நீங்களே புகார் குடுக்கீகளா? மொதக் கேசு ஒங்க மேலதான் விழும், தெரியும்ல?"

"தெரியும். எழுதிக்கோங்க."

"உள்ள யாரு இருக்கா?"

"என் அண்ணன் குடும்பம். அப்புறம் பதினோரு பொம்பளைக. அண்ணே, சீக்கிரம் ஆள் அனுப்புங்க."

அவர் என் பெயரை எழுத்து எழுத்தாகக் கேட்டு எழுதிக்கொண்டார். ஜீப் ஏழாயிரம்பண்ணைப் பக்கம் இல்லை, வேறு வேலையாக விருதுநகர் போயிருக்கிறது என்றார். "வந்ததும் போகச் சொல்லுதேன்மா. மத்தியானத்துக்குள்ள வந்துரும்." அதற்குப் பிறகு இரண்டு தடவை கூப்பிட்டுவிட்டேன். ஜீப் இன்னும் வரவில்லை.

இங்கே எல்லாரும் எழுந்துவிட்டார்கள். கௌதம் தன் நோட்டைத் தேடிக்கொண்டிருக்கிறான், நான் தரவில்லை. சுவர்க் கடிகாரத்தில் ஏழு நாற்பது. ஐந்தரை மணி நேரத்தைக் கூட்டிக்கொண்டால் அங்கே ஒன்று பத்து. பத்து மணிக்குப் பரீட்சை அறைக்குள் போனவள் சுகன்யா. மூன்று மணி நேரமாக அவள் எங்கே இருக்கிறாள் என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்திருந்தது. ஒன்றேகாலுக்கு மணி அடித்துவிடுவார்கள். வீட்டுக்கு வேனில் இருபது நிமிஷம்.

அவள் கெட்டிக்காரி, எந்தப் பரீட்சையையும் முன்னாலேயே எழுதி முடித்துவிட்டு எழுந்து வந்துவிடுவாள். அன்றைக்குப் போனில் எவ்வளவோ பேசினேன். பயாலஜியை மட்டும் மெதுவாக எழுது தாயி, கூடப் பேப்பர் வாங்கியாவது எழுது, அவர்களாகப் பிடுங்குகிற வரைக்கும் எழுந்திருக்காதே என்று சொல்ல எனக்குத் தோன்றவில்லை.